சான்று என்பது ஒரே சொல்தான், நான்கு பாடங்களில் நான்கு பொருள்: விடை எழுதுவது எப்படி?

#1 அரைப்புள்ளி

வரலாறு, இலக்கியம், உளவியல், பணிவாழ்க்கை. (கடைசிப் பாடம் வணிகவியல், தொழிற்கல்வி என்று வேறு பெயர்களிலும் வரும்.) மேல்நிலையிலும் கல்லூரி முதலாண்டிலும் இவற்றைச் சேர்த்துப் படிப்போர் அதிகம். நான்கிலும் வினாத்தாள் விவரி, விளக்கு, மதிப்பிடு என்றுதான் கேட்கிறது. நான்கிலும் திருத்துபவர் ஓரத்தில் கிறுக்குவதும் ஒன்றுதான்: "சான்று எங்கே?"

ஆனால் வரலாற்றில் நன்றாக எழுதும் அதே கை உளவியலில் சறுக்குகிறது. இலக்கியத்தில் நன்றாக எழுதுபவர் பணிவாழ்க்கை அறிக்கையில் திணறுகிறார். ஒரு பாடத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்குள் தூக்கிப் போவதால்தான் இது நடக்கிறது என்பது என் கணிப்பு. அந்தந்தப் பாடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் பாடத்தில் எதைச் சான்று என்கிறோம், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும், எங்கே கெடுகிறது? "உழைத்துப் படி" வகை பதில்கள் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும்.

#2 பழஞ்சுவடி

வரலாற்றில் ஆரம்பிக்கிறேன். மூல ஆவணம் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலோர் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கீழே இருக்கும் குறிப்பு. யார் எழுதியது, எந்த ஆண்டு, யாருக்காக, எந்த வகை (சாட்சியமா, கடிதமா, சட்டமா, செய்தித்தாளா)? நான்கையும் ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எடுத்துக்காட்டு: பிரிட்டனில் ஆலைச் சிறார் உழைப்பு. 1832-இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் நாடாளுமன்றக் குழு சாட்சியம் கேட்டது. குழந்தைகள் அடிபட்டது, விடியுமுன் எழுந்து ஓடியது எல்லாம் அதில் இருக்கிறது. சாட்லர் வேலைநேரக் குறைப்புக்காக வாதாடியவர். சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்து பேசவில்லை. ஆலை முதலாளிகள் அதைக் காட்டியே எதிர்த்தார்கள், 1833-இல் அரசு தனி ஆணையம் போட்டு மறுபடி விசாரித்தது.

இந்த இடத்தில் நூற்றுக்கு எண்பது விடைகள் "இது ஒருதலைப்பட்சமானது, எனவே நம்ப முடியாது" என்று முடிந்துவிடும். (எண்பது என்பது பேச்சு வழக்கு, கணக்கு எடுத்ததில்லை.) மதிப்பெண் போவது அங்கேதான். ஒருதலைப்பட்சமான ஆவணமும் ஏதோ ஒன்றுக்குச் சான்றுதான். எதற்கு என்பதுதான் கேள்வி. சராசரி ஆலை எப்படி இருந்தது என்பதற்கு சாட்லர் அறிக்கை பலவீனமான சான்று. சீர்திருத்தம் கேட்டவர்கள் எந்தக் காட்சிகளை முன்னால் வைத்தார்கள் என்பதற்கு அது முதல்தரச் சான்று. அதை எதிர்க்கப் பிறந்த ஆணையமும் சட்டம் வேண்டும் என்றே சொன்னது. இரண்டும் ஒத்துப்போகும் அந்த இடத்தை எழுதினால் விடை எழுந்து நிற்கும்.

சட்டத்தை எழுதும்போது எண்ணோடு எழுதுங்கள். 1833 சட்டம் நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தது (பட்டாலைக்கு விலக்கு). 13 வயது ஆகும்வரை வாரம் 48 மணி, 18 வயது ஆகும்வரை வாரம் 69 மணி என்று வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் 4 கண்காணிப்பாளர்கள். "சட்டம் எவ்வளவு பயன் தந்தது?" என்று கேட்டால் அந்த 4 என்ற எண்ணே பாதி விடை. மீதிப் பாதி: இங்கிலாந்தில் பிறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1837 ஜூலையில். அதுவரை பிள்ளையின் வயதை மருத்துவர் தோற்றத்தைப் பார்த்துச் சான்றளித்தார். 9 வயது வரம்பு எப்படி ஓட்டையானது என்பது இப்போது தானாக விளங்கும்.

#3 பழஞ்சுவடி

காரணக் கேள்வி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. முதல் உலகப் போருக்குக் காரணம் கேட்டால் "1914 ஜூன் 28 சரயேவோ கொலை" (ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது) என்று எழுதி, பிறகு கூட்டணிகள், ஆயுதப் போட்டி, ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று நாலு தலைப்புப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவின் மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் சரியாக ஒரு மாதம். பொறிக்கும் தீக்கும் இடையில் ஏன் ஒரு மாதம் என்பதை விளக்காத விடை பட்டியலாகவே நிற்கும். ஜூலை 5-இல் ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி தந்த நிபந்தனையற்ற ஆதரவு, 23-இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு விதித்த 48 மணி நேரக் கெடு, 30-இல் ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல். இந்த மூன்று படியையும் கூட்டணி, ஆயுதப் போட்டி என்ற தலைப்புகளோடு முடிச்சுப் போடுங்கள்.

தேதிக் குழப்பம் ஒன்று: ரஷ்யாவின் "அக்டோபர்" புரட்சி நடந்தது பழைய நாட்காட்டியில் 1917 அக்டோபர் 25, இன்றைய நாட்காட்டியில் நவம்பர் 7. இரண்டையும் கலந்து எழுதினால் நிகழ்ச்சி வரிசையே புரண்டுவிடும்.

#4 மைக்கூடு

இலக்கியத்தில் சான்று என்றால் சொல். கருத்தோ கதையோ அதற்கு ஈடாகாது. அந்தச் சொல், அந்த இடத்தில், அந்த வரிசையில்.

ஒரு பத்தி விமர்சனமா, கதைச்சுருக்கமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மேற்கோளை விரலால் மறையுங்கள். பத்தி அப்போதும் குறையில்லாமல் நின்றால் அது கதைச்சுருக்கம். மேற்கோள் இல்லாமல் பத்தி சரிந்தால்தான் நீங்கள் சொல்லைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். மேற்கோள் ஒரு அடிக்கு மேல் வேண்டாம், பல சமயம் இரண்டு சொல் போதும். அதைப் பற்றி மூன்று வாக்கியமாவது எழுதுங்கள். நாலு அடி மேற்கோள், ஒரு வரி விளக்கம் என்று தலைகீழாக எழுதுவதுதான் அதிகம் நடக்கிறது.

குறுந்தொகை 40-ஆம் பாடல் எல்லோருக்கும் தெரியும், அதையே வைத்துக்கொள்கிறேன். "செம்புலப் பெயனீர் போல". விடைத்தாளில் வரும் வழக்கமான வரி: "கவிஞர் தம் காதலை அழகிய உவமையால் வெளிப்படுத்துகிறார்." இந்த ஒரே வரியில் இரண்டு தவறு. பேசுவது கவிஞர் அல்ல, தலைவன். பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுவதைக் கண்டு அவன் சொன்னதாகப் பாடலின் கீழுள்ள கூற்றுக் குறிப்பு சொல்கிறது. "அழகிய" என்ற சொல்லோ எதையும் சொல்லவில்லை.

எப்படி எழுதலாம்? முதல் மூன்று அடியும் மூன்று கேள்வி: தாய்மார் ஒருவருக்கொருவர் யார், தந்தையர் எந்த வகையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம்? மூன்றுக்கும் எதிர்பார்க்கும் பதில் "ஒன்றுமில்லை" என்பதே. உறவு எதுவும் இல்லை என்று மூன்று முறை நிறுவிய பிறகு உவமை வருகிறது. மழைநீருக்கும் செம்மண்ணுக்கும் முன்பு தொடர்பில்லை. கலந்த பின் நீரின் நிறத்தைப் பிரித்தெடுக்க முடியாது. அஞ்சுகிறவளுக்குத் தேவையான பதில் இந்த "பிரிக்க முடியாது". உவமையின் அழகை அது யாருக்கு, எந்த அச்சத்துக்குப் பதிலாக வருகிறது என்பதோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் விடையில் கனம் ஏறும்.

ஓர் எச்சரிக்கை. அந்த நான்காம் அடி மற்ற அடிகளைவிடக் குட்டையானது, மூன்று சீர்தான். "உணர்ச்சியை அழுத்திக் காட்டக் கவிஞர் அடியைச் சுருக்கினார்" என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்திய அடி) முச்சீராக வருவது இலக்கணம். வடிவம் தரும் கட்டாயத்தைக் கவிஞரின் தேர்வு என்று சொல்லக் கூடாது. இலக்கணம் குட்டையாக்கிய அடியில் உவமையைக் கொண்டுவந்து வைத்தார் என்று சொல்லலாம். அது தேர்வுதான்.

#5 புதுவரவு

ஒரு சந்தேகம். பழஞ்சுவடி ஐயா "யார் எழுதினார் என்று முதலில் பார்" என்கிறார். மைக்கூடு அக்கா "கவிஞரை விடு, பேசுபவரைப் பார்" என்கிறார். ஒரே நாளில் காலையில் ஒரு தேர்வு, மதியம் இன்னொன்று. எதைத்தான் பிடிப்பது?

#6 பழஞ்சுவடி

நல்ல கேள்வி. வரலாற்றில் கேட்பது "இந்தத் தாளை யார், எப்போது, எதற்கு உண்டாக்கினார்?" இலக்கியத்தில் கேட்பது "இந்த வரிகளுக்குள் பேசும் குரல் யாருடையது?" முதலாவது தாளுக்கு வெளியே இருக்கும் ஆள், இரண்டாவது உள்ளே இருக்கும் ஆள்.

இரண்டும் கைகோத்த சம்பவமும் உண்டு. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் பல நூற்றாண்டு உலவியது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அது போலி என்று காட்டினார். முக்கியமான கருவி மொழி. ரோம அதிகாரிகள் நடுவே "சத்ரப்" என்ற பாரசீகப் பட்டம் அதில் வருகிறது. அந்தக் காலத்து ரோம ஆட்சியில் அப்படி ஒரு பதவியே இல்லை. கான்ஸ்டான்டிநோப்பிள் திருச்சபைத் தலைமையிடமாக இல்லாத காலத்தில் அதை அப்படிக் குறிப்பிடுகிறது. சொல்லை ஊன்றிப் படித்ததால் வரலாறு திருந்தியது. ஆக, இலக்கிய வாசிப்பு வரலாற்றுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

#7 மைக்கூடு

கூடுதலாக ஒன்று. ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரை மறைத்து 13 கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொன்னார், 1929-இல் அதை நூலாக்கினார். அவர் கண்ட முதல் கோளாறு என்ன தெரியுமா? நேர்ப்பொருளே பலருக்குப் பிடிபடவில்லை. நம் மரபு பதவுரை, பொழிப்புரை என்று ஏற்கெனவே வரிசை போட்டு வைத்திருக்கிறது. தெரியாத கவிதை கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் பொழிப்புரை மட்டும் எழுதுங்கள், சிறப்புரை பிறகு. எழுவாய் எங்கே, வினை எங்கே என்று தெரியாமல் "ஆழ்ந்த சோகம் இழையோடுகிறது" என்று ஆரம்பித்தால் கடைசிவரை அந்தச் சோகம்தான்.

#8 நினைவலை

உளவியலுக்கு வருகிறேன். இங்கே சான்று என்றால் ஆய்வு. ஆய்வு என்றால் பெயர் மட்டும் போதாது. நான்கு உறுப்பு வேண்டும்: யாரிடம் செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், என்ன எண் வந்தது. நான்கும் மூன்று வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும்.

மாதிரி: கேள்வியில் வரும் சொல் நினைவை மாற்றுமா என்று பார்த்த லாஃப்டஸ், பால்மர் 1974. கல்லூரி மாணவர் 45 பேர் கார் மோதும் 7 சிறு படங்களைப் பார்த்தார்கள். வேகத்தைக் கேட்கும் வினாவில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "நொறுங்க மோதியபோது" என்ற பொருள்படும் சொல் வந்த குழு சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் மதிப்பிட்டது, "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்ட குழு 31.8. இரண்டாம் பகுதியில் 150 பேர். ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கடுமையான சொல் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், மிதமான சொல் கேட்ட 50 பேரில் 7, வேகமே கேட்கப்படாத 50 பேரில் 6.

பெரும்பாலோர் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது: சொல் நினைவை மாற்றியதா, அல்லது என்ன பதில் சொல்வது என்று தடுமாறியவருக்கு வெறும் துப்புக் கொடுத்ததா? அந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாம் பகுதி. இரண்டையும் இந்தக் காரணத்தோடு இணைத்து எழுதுவதைத்தான் மதிப்பீடு என்கிறோம்.

"மாதிரி சிறியது, ஆய்வகச் சூழல் செயற்கையானது, அறநெறிச் சிக்கல் உண்டு" என்று எல்லா ஆய்வுக்கும் ஒரே மூன்று குறையை ஒட்டுவது மதிப்பீடு ஆகாது. குறை எது, அது இந்த ஆய்வில் எங்கே இருக்கிறது, அதனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்று மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

நிரந்தரக் குழப்பங்கள் இரண்டு. எதிர்மறை வலுவூட்டல் தண்டனை ஆகாது. இருக்கை வார் மாட்டும்வரை கார் ஒலியெழுப்புகிறது, மாட்டியதும் நிற்கிறது. தொல்லை நீங்குவதால் வார் மாட்டும் பழக்கம் கூடுகிறது. பழக்கம் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்தது நம்பகத்தன்மையும் (அளக்கும்போதெல்லாம் ஒரே விடை) ஏற்புடைமையும் (சரியான விடை). எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைக்கருவிக்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை.

#9 கோப்பறை

பணிவாழ்க்கைப் பாடத்தை யாரும் மதிப்பதில்லை, அதனால் நானே வருகிறேன். இங்கே சான்று என்றால் கணக்கு, அதுவும் சரிபார்த்த கணக்கு. கொடுத்த விவரத்திலிருந்து ஒரு எண்ணைக் கறந்து, "ஆகவே இதைச் செய்யலாம்" என்று பரிந்துரை வரை கொண்டுபோக வேண்டும்.

பாடநூல்களில் தவறாமல் வரும் ஒன்றை எடுக்கலாம். தொழிலாளர் வேலையை அளந்து முறைப்படுத்திய அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911 நூலில் சொல்லும், இரும்புப் பாளங்களைத் தூக்கி ஏற்றும் வேலை. ஒருவர் நாளுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார், முறைப்படுத்திய பின் 47.5 டன். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். இதை மூன்று விதமாகப் பிழைவிடுவார்கள்.

ஒன்று, "உற்பத்தி 380 சதவீதம் உயர்ந்தது." 47.5-ஐ 12.5-ஆல் வகுத்தால் 3.8. அதாவது 3.8 மடங்கு ஆனது. உயர்வு 280 சதவீதம். இரண்டு, கூலி "70 சதவீதம்" உயர்ந்தது என்பது. உயர்ந்தது 70 சென்ட். 0.70-ஐ 1.15-ஆல் வகுத்தால் சுமார் 61 சதவீதம். மூன்று, இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் விடுவது. உழைப்பு 280 கூட, கூலி 61 கூட. "டெய்லர் முறை தொழிலாளிக்கும் லாபம்" என்ற வாதத்தை எடைபோட இந்த ஜோடி எண்கள் போதும்.

இன்னொரு பழக்கம்: எண்ணை உடம்பால் தொட்டுப் பாருங்கள். ஒரு பாளம் 92 பவுண்டு, அந்த டன் 2,240 பவுண்டு. 47.5 டன் என்றால் நாளுக்கு 1,156 பாளம். பத்து மணி நேர வேலை என்று வைத்தால் சுமார் 31 விநாடிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 42 கிலோ. இப்படி மாற்றிப் பார்த்தால் "இது எல்லோராலும் முடியுமா?" என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்விதான் விடையின் அடுத்த பத்தி.

#10 பழஞ்சுவடி

கோப்பறை சாருக்கு என் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. அந்தக் கதையைச் சொல்பவர் டெய்லரே. தன் முறையை விற்றுக்கொண்டிருந்தவர் தன் வெற்றியைச் சொல்கிறார். 1974-இல் ரெஜ், பெரோனி என்ற இருவர் நிறுவனப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, டெய்லர் சொல்லும் கதை பல இடங்களில் பதிவுகளோடு பொருந்தவில்லை என்று எழுதினார்கள். கணக்கு சரியாக இருப்பது வேறு, கணக்குக்குள் போன எண் சரியாக இருப்பது வேறு.

#11 கோப்பறை

ஒப்புக்கொள்கிறேன். சாட்லர் அறிக்கைக்கு நீங்கள் சொன்னதுதான் இதற்கும். ஆனால் பணிவாழ்க்கைத் தேர்வில் மூலத்தைக் கேள்வி கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும், அதற்கே ஒரு பக்கம் ஓட்டினால் பரிந்துரைக்கு நேரம் இருக்காது. அறிக்கையில் பரிந்துரை இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

அறிக்கை வரிசை: என்ன கேட்கப்பட்டது (இரண்டு வரி), என்ன பரிந்துரைக்கிறேன் (இரண்டு வரி, ஆம், முதலிலேயே), ஆதாரக் கணக்கு, எதிர்க்கருத்து ஒன்று, யார் எப்போது என்ன செய்ய வேண்டும். இலக்கிய மாணவர்கள் முடிவைக் கடைசிக்கு ஒளித்து வைக்கிறார்கள். அலுவலகத்தில் கடைசிப் பக்கம்வரை படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

அமெரிக்காவின் ஹாத்தோர்ன் ஆலையில் நடந்த ஆய்வையும் இங்கே எழுதலாம்: தொழிலாளரைக் கவனித்தால் உற்பத்தி கூடும் என்று காட்டியது.

#12 நினைவலை

அந்தக் கடைசி வரியைத் திருத்த வேண்டும் கோப்பறை சார். ஹாத்தோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது பல ஆய்வுகள், ஒன்றல்ல. அடிக்கடி எடுத்துக்காட்டும், உதிரிபாகங்களைப் பொருத்தும் தொகுப்பு அறையில் ஒருசில பெண் தொழிலாளர்களே இருந்தார்கள். நடுவில் இருவரை மாற்றினார்கள். ஓய்வு நேரம், வேலை நேரம் மட்டுமின்றிக் கூலி கணக்கிடும் முறையும் மாறியது: அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்தே ஊதியம். ஒரே சமயத்தில் இத்தனை மாறினால் உற்பத்தி உயர்வைக் கவனிப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது. "ஹாத்தோர்ன் விளைவு" என்ற பெயரே 1950-களில் வந்தது. விடையில் "கவனிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிறகு விளக்கப்பட்டது" என்று எழுதுங்கள்.

#13 கோப்பறை

சரி, திருத்திக்கொள்கிறேன். பாடநூல் வரியை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

#14 புதுவரவு

இவ்வளவு எண்ணையும் எப்படித்தான் நினைவில் வைப்பது? மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டுப் புத்தகமே மஞ்சளாகிவிட்டது.

#15 நினைவலை

கோடு போட்டதை மறுபடி படிக்கும்போது வரி பழகியதாகத் தெரியும். பழக்கத்தை மனம் அறிவு என்று எண்ணிக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக் 2006 ஆய்வு இதை அழகாகப் பிடித்தது. ஒரு பகுதியை மறுபடி படித்த குழுவும், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்த குழுவும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால்: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. முந்தின இரவு படிப்பு ஏன் நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது: ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. ஆய்வுக்கு மூன்று எண் போதும்: ஆண்டு, எத்தனை பேர், முக்கிய முடிவு. அட்டையை இருபக்கமும் கேளுங்கள். மில்கிராம் ஆய்வை எடுங்கள்: கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்தது. "மில்கிராம் எத்தனை பேர்?" என்றால் 40 வருகிறது, "40 பேரில் 26 பேர் என்பது எந்த ஆய்வு?" என்றால் விழிக்கிறார்கள். படித்த நாள், மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். இந்த நாட்கள் வேதவாக்கு இல்லை, இடைவெளி விரிந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். தவறிய அட்டை மறுபடி மறுநாள் கட்டுக்குப் போகும்.

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸின் மறதி வளைகோட்டைக் காட்டி "ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்" என்று மிரட்டுவோர் உண்டு. 1885-இல் அவர் சோதித்தது பொருளற்ற அசைகளை, அதுவும் தன் ஒருவரிடம். அளந்தது மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஜூலை 1914-இன் ஒரு மாதக் கதை அசைப் பட்டியல் மாதிரி உதிராது, காரணம் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் தேதிகளைத் தனித்தனி அட்டையாக்காமல் சங்கிலியாக ஒரே தாளில் எழுதிப் பழகுங்கள்.

#16 அரைப்புள்ளி

நேரப் பங்கீடு? 45 நிமிடக் கட்டுரைக்குப் பொதுவாகச் சொல்வது 7 நிமிடம் திட்டம், 33 எழுத்து, 5 சரிபார்ப்பு. நான்குக்கும் இதுவே பொருந்துமா?

#17 மைக்கூடு

பொருந்தாது. தெரியாத கவிதை என்றால் 12 நிமிடம் படிக்கவே வேண்டும், 28 எழுத, 5 மேற்கோளைச் சரிபார்க்க. பாடத்திலிருக்கும் நூல் என்றால் 7 போதும்.

#18 கோப்பறை

எங்கள் பாடத்தில் சரிபார்ப்புக்கு 5 போதாது, 8 வையுங்கள். கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள்: 1.15-இல் 61 சதவீதம் 0.70 வருகிறதா? வரும். அலகு எழுதினீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். டன், டாலர், சதவீதம் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் ஒன்றாவது விட்டுப்போகும்.

#19 அரைப்புள்ளி

விடைத்தாளில் அடிக்கடி வரும் அச்சைப் பார்த்து ஒரு மாதிரிப் பத்தி தயாரித்திருக்கிறேன். கிழியுங்கள்:

"மில்கிராம் ஆய்வு மனிதர்கள் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவார்கள் என்று நிரூபித்தது. 65 சதவீத மனிதர்கள் கொல்லும் அளவுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். ஆனால் இந்த ஆய்வு நெறியற்றது, மாதிரி சிறியது. எனவே இதை ஏற்க முடியாது."

#20 நினைவலை

"நிரூபித்தது" முதலில் போகட்டும், "காட்டுகிறது" போதும். "65 சதவீத மனிதர்கள்" இல்லை, செய்தித்தாள் விளம்பரமும் அஞ்சல் அழைப்பும் பார்த்து வந்த 40 ஆண்களில் 26 பேர், அதுவும் ஓர் ஏற்பாட்டில். "கொடுப்பார்கள்" என்பதும் தவறு, மறுபக்கம் அதிர்ச்சி வாங்குவதாக நடித்தவருக்கு உண்மையில் மின்சாரம் பாயவே இல்லை. "நெறியற்றது, எனவே ஏற்க முடியாது" என்ற தாவலைப் பாருங்கள். அறநெறிக் குறை ஆய்வு நடந்திருக்கக் கூடாது என்று சொல்லலாம், முடிவு பொய் என்று சொல்லாது. இரண்டும் வேறு வேறு தராசு.

மாற்றி எழுதினால்:

"மில்கிராம் (1963) ஆய்வின் அடிப்படை ஏற்பாட்டில் 40 ஆண்களில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்த கடைசி விசைவரை அழுத்தினர், அதிர்ச்சி போலியானது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கட்டளையிடுபவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவும், பல்கலைக்கழகத்துக்குப் பதில் சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடத்தியபோது 47.5 சதவீதமாகவும் குறைந்தது. கீழ்ப்படிதல் மனிதரின் மாறாக் குணம் என்றால் இடமும் தூரமும் மாறும்போது எண் இவ்வளவு அசையக் கூடாது. பங்கேற்றோரில் சிலர் அதிர்ச்சி போலி என்று ஊகித்திருந்தால் 26 என்ற எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். குறையைச் சொல்வதோடு நிற்காமல், முடிவு எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்கிறது.

#21 மைக்கூடு

"கொல்லும் அளவுக்கு" என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் அப்படி எழுதியிருக்கவில்லை. 375 வோல்ட்டில் "ஆபத்து: கடும் அதிர்ச்சி" என்ற பொருளில் ஒரு பட்டை, கடைசி இரண்டு விசைக்கு வெறும் மூன்று பெருக்கல் குறி. அழுத்தியவர் கண்ணுக்குத் தெரிந்தது "கொலை" என்ற சொல்லா, அந்தக் குறியா என்பது முக்கியம். சொல்லைப் பார்ப்பது எங்கள் பாடத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

#22 புதுவரவு

அப்போ நான் வரலாற்று விடையில் "நிரூபித்தது" என்று எழுதலாமா?

#23 பழஞ்சுவடி

வல்லாவுக்கு எழுதலாம். போலி என்பதை ஒரே ஒரு காலம் தவறிய சொல்லாலும் நிறுவிவிட முடியும். போர் எதனால் வந்தது என்பதற்கு எழுத முடியாது.

#24 கோப்பறை

#18-இல் ஒரு திருத்தம். 1.15-இல் 61 சதவீதம் என்பது 0.7015, 0.70 இல்லை. "சுமார் 61" என்று எழுதினால்தான் சரி. புள்ளிவைத்து எழுதுவதானால் 60.9.